லோகு பெயரில் ஓடிய வண்டி

சாலமனிடம் ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டினால் அதை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்ப்பான். ஐநூறு ரூபாயைத் தூக்கிப் பார்க்கிறவர்களை நாம் கண்டிருக்கிறோம். ஐம்பதுக்கும் பார்க்கிற ஆள் பெருங்களத்தூர் ஆட்டோ ஸ்டாண்டில் அவன் ஒருவன்தான். கேஸ் பங்க்கில் வண்டியை விட்டு இறங்கி, மீட்டர் பூஜ்யத்துக்கு வந்த பிறகும் இன்னொரு தடவை பூஜ்யம் போடச் சொல்வான். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால் வேறொரு மெடிக்கலுக்குப் போய், "இது இன்னாத்துக்குக் குடுக்கறது?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டுதான் விழுங்குவான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் காணிக்கைப் பை வரிசையாக வரும்போது எல்லோரும் கண்ணை மூடி ஜெபம் பண்ணுவார்கள். சாலமன் ஒரு கண்ணை மட்டும் மூடுவான்.

"உனக்கு சாமி மேலயாவது நம்பிக்கை கீதா?" என்று அவன் மனைவி ரோஸி ஒரு தடவை கேட்டாள்.

"சாமி மேல கீது. கமிட்டி மேலதான் இல்ல" என்றான்.

இப்படிப்பட்டவன் உலகத்தில் சந்தேகப்படாத ஒரே ஒரு ஆள் உண்டு. அது லோகு. ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த சாலமன் பெருங்களத்தூர் ஸ்டாண்டுக்கு வந்து நின்றபோது, புது ஆளை வரிசையில் சேர்க்க மாட்டோம் என்று அத்தனை பேரும் மல்லுக்கு நின்றார்கள். "என் வண்டிக்குப் பின்னால போடு மச்சான், எவன் கேக்கறான்னு பாக்கலாம்" என்றவன் லோகு. கோவளம் பக்கத்துக் குப்பத்துக்காரன். படகில் ஏறினால் வாந்தி வரும் என்பதால் ஆட்டோவுக்கு வந்தவன். இந்த ஒரு காரணத்துக்காகச் சொந்தக்காரர்களிடம் ஆயுள் முழுக்கக் கிண்டல் வாங்கியவன்.

லோகுவுக்கு இளைப்பு நோய் முற்றியது. ஜி.எஸ்.டி. ரோட்டுப் புகையில் இனி வண்டி ஓட்டினால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டியை சாலமனுக்கே விற்றான். பணம் கைமாறியது, சாவி கைமாறியது. பெயர் மட்டும் மாறவில்லை. அப்போது அது புது பர்மிட். கொஞ்ச வருஷம் கழித்துத்தான் பெயர் மாற்ற விடுவார்கள் என்று ஸ்டாண்டில் பேச்சு. அதனால் என்ன, லோகு மாற்றல் விண்ணப்பங்களில் தேதி போடாமல் கையெழுத்து மட்டும் போட்டு சாலமன் கையில் கொடுத்துவிட்டான். சென்னையில் பாதி ஆட்டோக்கள் இப்படித்தான் ஓடுகின்றன. ஓட்டுகிறவன் ஒருத்தன், காகிதத்தில் இருக்கிறவன் வேறொருத்தன். நடுவில் இருப்பது வெறும் வாய்வார்த்தை.

கெடு முடிந்த பிறகாவது சாலமன் மாற்றியிருக்கலாம். ஆனால் புரோக்கரிடம் போனால் ஒரிஜினல் ஆர்.சி.யைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். கொடுப்பானா? நேரே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனால், எதையாவது நோண்டி வண்டியையே பிடித்து வைத்துக்கொண்டால்? யோசித்து யோசித்தே வருஷங்கள் போயின. ஒவ்வொரு வருஷமும் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டும்போது லோகு இஸ்திரி போட்ட சட்டையில் வந்து உரிமையாளராக நிற்பான். "ஓனர் வந்துட்டாரு, எழுந்து நில்லுங்கடா" என்று ஸ்டாண்டு கேலி பண்ணும். வேலை முடிந்ததும் தாம்பரத்தில் இரண்டு பேரும் பிரியாணி சாப்பிட்டுத் திரும்புவார்கள். எல்லோரையும் சந்தேகப்பட்டவன் இந்த ஒரு ஆளை நம்பித்தான் மாட்டிக்கொண்டான். ஏனென்றால் லோகு ஏமாற்ற மாட்டான் என்பதை நினைத்தானே தவிர, லோகு சாவான் என்பதை சாலமன் நினைக்கவேயில்லை.

போன வருஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போகிற கூட்டமெல்லாம் வடிந்த மறுநாள், லோகு காலையில் பல் விளக்கப் போய், அப்படியே குழாயடியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

செய்தி வந்தபோது சாலமன் ஊரப்பாக்கத்தில் சவாரி இறக்கிக்கொண்டிருந்தான். அலறி அடித்துக்கொண்டு வந்தான். லோகுவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அதில் பொய்யில்லை, இதை நான் எவரிடமும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, தண்ணீர் குடிக்க வண்டிக்கு வந்தான். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பயணிகள் பார்ப்பதற்காக வைத்த பலகை. 'உரிமையாளர்: லோகநாதன்.' தண்ணீர் பாட்டிலைத் திறக்காமலேயே வைத்தான்.

சாவு வீட்டுத் தெருமுனையில் நின்றபடியே எலியேசருக்குப் போன் போட்டான். எலியேசர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை ஓரத்தில் நின்று தொழில் பார்க்கிற புரோக்கர்.

"ஆள் உயிரோட இருந்தா வேற கத. செத்துட்டா பர்மிட் வாரிசுக்குப் போவும். அவன் பொண்டாட்டி மனசு வச்சாத்தான் உனக்கு" என்றான் எலியேசர். "உன் கையில தேதி போடாத கையெழுத்து கீது இல்ல? அப்ப வாயைத் தெறக்காத. சாவு ஆபீஸ் காதுக்குப் போவாம பாத்துக்க. பழைய தேதி போட்டு நான் முடிச்சுக் குடுக்கறேன்."

சாலமன் எலியேசரையும் நம்பவில்லை. ஆனால் லோகுவின் மனைவி முத்தாலம்மாளை அதைவிடக் குறைவாக நம்பினான். அவள் பெருங்களத்தூர் ஸ்டேஷன் வெளியே மீன் விற்கிறவள். சாலமனைத் 'தம்பி' என்பதைத் தவிர வேறு எந்தப் பெயராலும் கூப்பிட்டதில்லை. கெட்டவள் என்று அவனால் ஒரு காரணம் சொல்ல முடியாது. ஆனாலும் புருஷன் போன வீடு. கோவளத்திலிருந்து அண்ணன் தம்பிகள் வருவார்கள். 'வண்டி யார் பேர்ல கீது?' என்று ஒரு வாய் கேட்டால் போதும். வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதன் பிறகு சாலமன் வீட்டில் அடுப்பு எரிய வேறு வழி கிடையாது.

அன்று மத்தியானமே முதல் வினை வந்தது. ஸ்டாண்டு செயலாளர் கதிரேசன், லோகு படத்தைத் தன் போனில் வைத்துக்கொண்டு வந்தான்.

"கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கணும். ஜி.எஸ்.டி. ரோட்டு மேல பெருசா வச்சிடலாம். லோகு படம், பக்கத்துல அவன் வண்டி, கீழ நம்ம எல்லாம் பேரும்."

ஆட்டோக்காரன் செத்தால் ஸ்டாண்டு பேனர் வைக்கும். இது எழுதாத சட்டம். ஸ்டாண்டுக்கே தினமும் குடித்துவிட்டு வந்து தகராறு பண்ணியவனுக்குக்கூட 'எங்கள் நெஞ்சில் வாழும் தெய்வமே' என்று வைத்திருக்கிறார்கள். பேனர் இல்லாத சாவு, அந்த ஆள் யாருக்கும் வேண்டாதவன் என்று ஊருக்குச் சொல்கிற மாதிரி. ஆனால் அந்த ரோட்டு வழியாகத்தானே ஆர்.டி.ஓ. ஆபீஸ்காரர்கள் தாம்பரம் போகிறார்கள்? வண்டி நம்பரோடு, செத்த தேதியோடு, ஆளுயரத்துக்கு ஒரு பேனர்!

"வேணாம் மச்சான். பேனருக்கு கோர்ட்டு ஆர்டர் கீது. போலீஸ் கேஸ் போடுவான்" என்றான் சாலமன்.

"சாவு பேனருக்கு எவன்டா கேஸ் போடறான்?"

சாலமன் ஒரு நொடி யோசித்தான். "சரி, குடு. படத்த எனக்கு அனுப்பு. என் உயிர் சிநேகிதன், நானே அடிச்சிகினு வரேன்."

கதிரேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. சாலமன் முதுகைத் தட்டிக்கொடுத்துப் போனான்.

பேனர் வரவில்லை. கேட்டவர்களிடம் கடையில் கரண்ட் இல்லை என்றான். மறுநாள் காலை லோகுவை எடுக்கும்போது ஸ்டாண்டு ஆட்டோக்கள் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு முன்னால் வரிசையாகப் போயின. அதில் ஒரு வண்டி மட்டும் இல்லை. லோகுவின் வண்டியை சாலமன் தன் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, கதிரேசன் வண்டியில் ஏறி வந்திருந்தான்.

"லோகு மச்சான் வண்டி எங்க?" என்று முத்தாலம்மாளின் அண்ணன் கேட்டார்.

"சர்வீஸ்ல கீது" என்றான் சாலமன், தலையைக் குனிந்துகொண்டு.

முத்தாலம்மாள் அப்போது மண்ணில் விழுந்து கதறிக்கொண்டிருந்தாள். ஆனாலும் அவள் காதில் அது விழுந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மறுநாள் மாலை, சாலமன் வீட்டு வாசலில் கேட் திறக்கும் சத்தம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த சாலமனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முத்தாலம்மாள் வந்துகொண்டிருந்தாள். பூவில்லாத தலை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. வந்துவிட்டாள், வண்டியைக் கேட்க வந்துவிட்டாள்!

"நான் இல்லன்னு சொல்லு" என்று ரோஸியிடம் கிசுகிசுத்துவிட்டு உள் அறைக்குள் புகுந்து கதவை ஒருக்களித்துக்கொண்டான்.

ரோஸிக்குப் பொய் சொல்ல வராது. "அவரு வூட்ல இல்லக்கா" என்றாள். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். வாசலில் சாலமனின் செருப்பு கிடந்தது. முத்தாலம்மாளும் அதைப் பார்த்தாள்.

"சரிம்மா. வந்தா வந்துட்டுப் போனேன்னு சொல்லு." அவ்வளவுதான், போய்விட்டாள். காபி வேண்டுமா என்று கேட்கக்கூட ரோஸிக்கு வாய் வரவில்லை. அன்று முழுக்க அவள் சாலமனோடு பேசவில்லை. சாலமனோ முத்தாலம்மாள் கொண்டுவந்த பிளாஸ்டிக் பைக்குள் என்ன இருந்திருக்கும் என்று படுக்கும்வரை யோசித்துக்கொண்டிருந்தான். வக்கீல் நோட்டீஸா?

எலியேசர் இன்று நாளை என்று இழுத்தடித்தான். ஒரு வழியாகக் கூப்பிட்டவன் ஒரு புதுக் குண்டைத் தூக்கிப் போட்டான். இப்போதெல்லாம் கம்ப்யூட்டர்தான் எஜமான். விற்கிறவன் சம்மதம் என்று ஓ.டி.பி. கேட்கும். அது லோகுவின் போனுக்குத்தான் போகும். அந்த நம்பரைச் சொன்னால்தான் மேற்கொண்டு நகரும்.

லோகுவின் போன் முத்தாலம்மாளிடம் இருந்தது. அதற்கு அவள் ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது சாலமனுக்குத் தெரியும். செத்தவன் போனுக்கு எவளாவது ரீசார்ஜ் போடுவாளா? வண்டி மேல் கண்ணில்லாமல் இதைச் செய்வாளா? அந்த நம்பரில்தான் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் பதிவு செய்கிறார்கள் என்ற சின்ன விஷயம் அவன் புத்திக்கு எட்டவில்லை. சந்தேகப்படுகிறவனுக்குப் பக்கத்தில் இருக்கிற காரணம் என்றைக்கும் கண்ணில் படாது.

காலை ஏழரை மணிக்கு ஸ்டேஷன் வெளியே போனான். முத்தாலம்மாள் நெத்திலியைக் கூறு கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் மகள் நிஷா நின்றாள். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவள், ரயிலுக்காகக் காத்திருந்தாள்.

"இன்னாக்கா, நல்லாக்கீறியா?" சாலமன் இளித்தான். "ஒண்ணுமில்ல, வண்டி இன்சூரன்சு போடணும். லோகு போனுக்கு ஒரு நம்பர் வரும். அத்த மட்டும் சொல்லிடு."

முத்தாலம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து போனை எடுத்தாள். கை மீன் ஈரமாக இருந்ததால் மகளிடம் நீட்டினாள். சாலமன் எலியேசருக்குப் போன் பண்ணி, "அனுப்பு" என்றான். டிங் என்றது.

நிஷா படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். "அம்மா, இது இன்சூரன்ஸ் இல்ல. ஓனர்ஷிப் டிரான்ஸ்ஃபருக்கு ஓ.டி.பி.ன்னு போட்டிருக்கு. அப்பா இந்த வண்டிய இவருக்கு இப்ப விக்கறாராம்."

"எப்ப?"

"இப்பதான்மா. இந்த நிமிஷம்."

கூடையைச் சுற்றி மீன் வாங்க நின்றவர்கள் எல்லோரும் சாலமனைப் பார்த்தார்கள். குட்டு நடுரோட்டில் உடைந்துவிட்டது.

முத்தாலம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குத் தெம்பாக இருந்திருக்கும், பதிலுக்குக் கத்தியிருப்பான். அவள் கையை வாளித் தண்ணீரில் கழுவினாள்.

"ஏன் தம்பி, செத்த மனுஷன் கையெழுத்துலயா விக்கப் பாத்த? உயிரோட ஒருத்தி இங்க குந்திகினு கீறேனே, என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"அக்கா, அது வந்து..."

"காரியம் முடிஞ்ச மறுநாளு உன் வூட்டுக்கு எதுக்கு வந்தேன்னு நெனச்ச? எங்க கையெழுத்து போடணும், என்னென்ன காயிதம் வேணும்னு கேக்க வந்தேன். அவரு ஆதாரு, என் ஆதாரு, சாவு சர்டிபிகேட்டு, எல்லாம் பையில போட்டு எத்துகினு வந்தேன். நீ உள்ள கீற. உன் செருப்பு வெளிய கெடக்குது. பொண்டாட்டிய வுட்டு இல்லன்ற." அவள் குரல் இங்கேதான் உடைந்தது. "பேனரு வராததும் இதுக்குத்தானா? கறுப்புத் துணி கட்டிகினு அவரு வண்டி முன்னால போவாததும் இதுக்குத்தானா? கோவளத்துக்காரங்க என்னைக் கேட்டாங்க தம்பி. 'இவ்ளோ வருசம் ஸ்டாண்டுல இருந்தாரு, ஒரு பேனருக்குக்கூடவா நாதியில்ல'ன்னு. நான் வாய் பேசாம நின்னேன்."

சாலமன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். வெட்கமாக இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் இரும்புலியூர் பாலம் ஏறுவதற்குள் பழைய புத்தி திரும்பிவிட்டது. நாலு பேர் எதிரில் நல்லவள் மாதிரி பேசுகிறாள். கையெழுத்துப் போட வந்தாளாம், யார் பார்த்தது?

மூன்று நாள் கழித்து அவளே போன் பண்ணினாள்.

"நிஷா விசாரிச்சிட்டா. ஆளு செத்தா முப்பது நாளுக்குள்ள ஆபீசுல சொல்லணுமாம். வாரிசு பேருக்கு மாத்திகினு, அப்புறம் அனுமதி வாங்கி யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாமாம். ஒளிச்சி மறைக்க இதுல ஒண்ணுமில்ல. நாளு தாண்டிப் போச்சு. ஏன் லேட்டுன்னு காரணம் சொல்லணுமாம், சரியான காரணம்னா ஏத்துக்குவாங்களாம். செவ்வாக்கெழம காலைல ஆபீசுக்கு வந்துடுங்க."

வந்துடுங்க. சாலமன் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தான், பேசினது அவள்தானா என்று.

திங்கட்கிழமை அவனுக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் சொல்லணுமாம்! என்ன காரணம் சொல்வாள்? 'இந்தாள் சாவை மறைச்சான், செத்தவன் கையெழுத்தை வச்சி மோசடி பண்ணப் பாத்தான்' என்பதுதானே காரணம்? இது வலைதான். ஆபீசில் போலீஸ் உட்கார்ந்திருக்கும். போகாமல் இருந்தாலோ வண்டி போச்சு.

"போய்த் தொலையேன். பண்ணது நீதான" என்றாள் ரோஸி.

வண்டியைக் கடப்பேரியில் தெரிந்தவர் கடை ஓரமாக விட்டுவிட்டு நடந்தே போனான். பிடித்தால் ஆளைப் பிடிக்கட்டும், வண்டி தப்பட்டும் என்ற கணக்கு.

போலீஸ் யாரும் இல்லை. மின்விசிறி ஓடிய ஒரு அறையில் ஒரு பெண் அதிகாரி. எதிரே முத்தாலம்மாளும் நிஷாவும். சாலமன் கதவோரம் நின்றான். அதிகாரி இறப்புச் சான்றிதழைப் பார்த்தார், வாரிசுச் சான்றிதழைப் பார்த்தார், விண்ணப்பத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, முப்பது நாளுக்குள்ள தெரிவிச்சிருக்கணும். ரொம்ப தாண்டிடுச்சே. ஏன் இவ்வளவு டிலே? நீங்க சொல்றதை வச்சுதான் நான் முடிவு பண்ண முடியும்."

எந்த வழியாக ஓடுவது என்று சாலமன் ஒரு பார்வை பார்த்துக்கொண்டான்.

"எனக்கு வெவரம் தெரியாதுங்க மேடம்" என்றாள் முத்தாலம்மாள். "மீன் விக்கறவ. வூட்டுக்காரரு போன துக்கத்துல கெடந்தேன். சொல்லிக் குடுக்க ஆளு இல்ல."

"ஸ்டாண்டுல, கூட வண்டி ஓட்டினவங்க, ஃப்ரெண்ட்ஸ் யாரும் சொல்லலியா?"

"அப்படி யாரும் இல்லீங்க மேடம்."

அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு தலையைத் தூக்கிக் கதவோரம் பார்த்தார். "அங்க நிக்கறாரே, அவர் யாரு உங்களுக்கு?"

முத்தாலம்மாள் திரும்பி சாலமனைப் பார்த்தாள். கோபமில்லாத, தெருவில் போகிற ஆளைப் பார்க்கிற பார்வை.

"வண்டி வாங்கறவரு மேடம்."

அந்த நிமிஷத்தில் சாலமனுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். தப்பித்துவிட்டான் அல்லவா? ஆனால் யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவள் தன்னைக் காட்டிக்கொடுத்திருந்தால்கூட, 'தம்பின்னு நம்பினேன் மேடம்' என்றுதான் ஆரம்பித்திருப்பாள் என்று அவனுக்குத் தோன்றியது.

வெளியே வந்ததும் பின்னாலேயே ஓடினான். "அக்கா, உள்ள என்னைக் காட்டிக் குடுக்காம வுட்டியே..."

"உங்களுக்காக இல்ல" என்றாள் நடந்துகொண்டே. "உங்க லட்சணத்தைச் சொன்னா, இந்தாளையா லோகு கூட்டாளின்னு வச்சிகினு இருந்தான்னு நாளைக்கு அவரைத்தான் பேசுவாங்க. அவரு பேரு கெட வேணாம்."

தாமதத்தை ஏற்றுக்கொண்டார்கள். பர்மிட் முத்தாலம்மாள் பெயருக்கு மாறியது. சட்டப்படி, சந்தேகமில்லாமல், வண்டி இப்போது அவளுடையது. அந்த நாட்களில் சாலமன் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. பழைய புத்தி அத்தனை லேசில் போகுமா? பகலில் சவாரிக்கு நடுவில் கண்ணாடியில் பின்னால் பார்ப்பான், கோவளத்துக்காரர்கள் யாராவது பைக்கில் வருகிறார்களா என்று. வீட்டில் வண்டியின் முன் சக்கரத்துக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினான். ஸ்டாண்டில் விஷயம் பரவிவிட்டது. கதிரேசன் ஒன்றும் திட்டவில்லை, சாலமன் டீ வாங்கிக் கொடுத்தால் மட்டும் குடிப்பதில்லை.

ஒரு நாள் எலியேசர் தானாக வந்தான். "அவ மனசு மாறறதுக்குள்ள எதுனா பண்ணணும். நான் ஒரு வழி சொல்லட்டுமா?" என்றான்.

"உன் வழில போய்த்தான் இப்படி நிக்கறேன். எழுந்து போ" என்றான் சாலமன். அவன் வாழ்க்கையில் ஒரு ஆளைச் சந்தேகப்பட்டது உருப்படியாகப் பலன் கொடுத்தது அன்றைக்கு மட்டும்தான், அதுவும் நேரம் கழித்து.

மறுவாரமே நிஷா கூப்பிட்டாள். "அம்மா வரச் சொன்னாங்க. உங்க பேருக்கு மாத்தறதுக்கு இன்னிக்குக் கையெழுத்து போட்டுடறாங்க."

இந்தத் தடவை வண்டியை எங்கேயும் ஒளிக்கவில்லை, ஆபீஸ் வாசலிலேயே நிறுத்தினான். முத்தாலம்மாள் தனியாக வந்திருந்தாள். கேட்ட இடத்திலெல்லாம் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். ஓ.டி.பி. வந்தபோது எழுத்துக்கூட்டிப் படித்து அவளே அந்த நம்பரைச் சொன்னாள். சாலமன் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். எங்கேயாவது ஒரு வரி, ஒரு நிபந்தனை, ஏதாவது ஒரு கொக்கி? ஒன்றுமே இல்லை. அவள் தனக்கென்று ஒரு சல்லிக்காசு கேட்கவில்லை. அவள் புருஷன் வண்டியை விற்றிருந்தான், அவள் அதை முடித்துக் கொடுத்தாள், அவ்வளவுதான். இத்தனை மாதம் தான் யாரைப் பார்த்துப் பயந்தோம் என்று அப்போதுதான் அவனுக்கு முழுசாக உறைத்தது.

வெளியே வெயில் கொளுத்தியது. அவள் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். சாலமன் வண்டியை எடுத்துக்கொண்டு போய் எதிரில் மறித்து நிறுத்தினான்.

"ஏறுக்கா. இந்த வெயில்ல நடந்து போவாத. உனக்குப் புண்ணியமாப் போவும், ஏறு."

அவள் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள். சாலமனுக்கு உயிர் வந்தது. சந்தோஷமாக கியர் போடப் போனான்.

"மீட்டர் போடுங்க" என்றாள் பின்னாலிருந்து.

"இன்னாக்கா இது, நம்ம வண்டிக்கா!"

"இத்தினி நாளு இது என் வூட்டுக்காரரு பேர்ல ஓடிச்சி. ஏறினேன், எறங்கினேன், யாரையும் கேக்கல. இன்னையோட வண்டி உங்களுது. போடுங்க."

அந்த மீட்டர் எந்தக் காலத்தில் ஓடியது என்று சாலமனுக்கே ஞாபகமில்லை. இரண்டு தடவை தட்டினான், எரியவில்லை. "கெட்டுப் போச்சுக்கா" என்றான்.

"அப்ப இன்னா கேப்பீங்களோ சொல்லுங்க."

அவன் வண்டியை எடுத்தான். தாம்பரம் மேம்பாலம் ஏறி இறங்கி, இரும்புலியூர் தாண்டிப் பெருங்களத்தூர் வரும்வரை கண்ணாடியில் அவளைப் பார்க்காமலே ஓட்டினான். பின்னால் அவள் உட்கார்ந்திருக்கிறாள் என்பதே பாரமாக இருந்தது. நூறு தடவை மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளை மனசுக்குள் கூட்டினான். அவள் வீட்டுத் தெருவில் வண்டி நின்றது.

அவள் இறங்கினாள். சுருக்குப் பையைத் திறந்து ஒரு இருநூறு ரூபாய் நோட்டை நீட்டினாள்.

"வேணாங்க்கா. கால்ல வுழறேன், வேணாம்."

"மத்தவங்களாண்ட எவ்ளோ வாங்குவீங்க?"

"அக்கா..."

அவள் கையை மடக்கவில்லை. தெருவில் இரண்டு பேர் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். சாலமன் நோட்டை வாங்கினான். வாழ்க்கையில் முதல் தடவையாக அதைத் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. கண்ணீர் மறைத்ததால் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. எங்கே போகிறோம் என்று தெரியாதவன் மாதிரி அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினான்.

முத்தாலம்மாள் நகரவில்லை. உள்ளங்கையை விரித்து நீட்டியபடி நின்றாள்.

"பாக்கி குடுங்க."

அவன் மற்றவர்களிடம் வாங்குகிற கூலியைக் கழித்துக்கொண்டு மீதியை எடுத்துக் கொடுத்தான். அவள் அதை எண்ணிச் சரிபார்த்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.